தண்ணீர் சேர்த்து வாடகை

ஒன்பது வயதில் நான் சொன்ன ஒரு பொய்யால் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்து போனது. அதை உரியவரிடம் சொல்ல எழுபது வயது வரை ஏன் இழுத்தேன் என்று கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

விருதுநகரில் எங்கள் மாடியில் வெடி கம்பெனித் தொழிலாளி ஒருவர் மனைவி, கைக்குழந்தையோடு குடியிருந்தார். கரண்டும் தண்ணீரும் வாடகையிலேயே சேர்த்தி. அப்படிப் பேசிக் குடிவைத்தவர் அப்பா. மேலே விளக்கு எரிந்தாலும் வாளி உருண்டாலும் புலம்பியவரும் அவர்தான். குழாயில் வாரம் ஒருமுறை வரும் தண்ணீரைப் பின்புறத் தொட்டியில் பிடித்து இரண்டு வீடும் புழங்கினோம். மாடிக்காரருக்கு அலுமினியப் பொடி சலிக்கும் வேலை. மாலையில் தலைமுதல் கால்வரை வெள்ளியாக வந்து நிற்பார். அதைக் கழுவ நாலு வாளியாவது வேண்டும். ஒவ்வொரு வாளிக்கும் அம்மா ஒரு பெருமூச்சு விடுவாள்.

தண்ணீர் வந்த ஒருநாள் என் பம்பரம் தொட்டிக்குள் விழுந்தது. தொட்டியின் அடியில், கழுவிவிடும் துவாரத்தைத் துணி சுற்றிய கட்டையால் வெளியிலிருந்து அடைத்திருப்பார்கள். அதைப் பிடுங்கினேன். கை எட்டும்வரை தண்ணீர் வடிந்ததும் பம்பரத்தை எடுத்துக்கொண்டு கட்டையைத் திரும்பச் செருகினேன். சரியாகச் செருகவில்லை. காலையில் தொட்டி காலி.

அப்பா என்னைத்தான் முதலில் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள்.

"அவன்ட்ட என்னத்தக் கேக்குறீக? மேல ஒருத்தரு தெனம் வெள்ளிப் பாத்திரம் வெளக்குறாருல்ல."

அவர் வாளி வாளியாக அள்ளியதை நானே பார்த்தேன் என்று சேர்த்துச் சொன்னேன்.

மாடிக்காரர் மனைவி இறங்கி வந்தார். "தண்ணி வாடகையில சேத்திதான்யா. அதுக்காகத் தொட்டியவா கவுத்துவோம்?" என்றார். அப்பா மசியவில்லை. இனி மாடிக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளிதான் என்று தீர்ப்பானது.

அதன்பிறகு மாடிக்காரர் படியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். மனைவி தட்டை எட்ட வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். குழந்தையைக்கூட அவரிடம் கொடுப்பதில்லை. புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நான் தெருப் பிள்ளைகளிடம் கதை பரப்பினேன். ஒரு மாதத்தில் காலி செய்துவிட்டார்கள். கல்லூரியில் வேதியியல் படிக்கும்போதுதான் விளங்கியது: கழுவப்படாத அந்தப் பொடியோடு ஒருவரை எரிகிற அடுப்புக்கு அருகில் விடமுடியாது.

போன வருடம் விசாரித்து, மாடிக்காரர் மனைவியை மல்லாங்கிணற்றில் கண்டுபிடித்தேன். கணவர் காலமாகி வெகுநாளாகிவிட்டது. பம்பரத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த மனுசன் சாகுமட்டும் கேட்டாரு, அந்தத் தண்ணி எங்கதான் போச்சுன்னு" என்றார். பிறகு பேச்சை மாற்றி, விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் வேலை கிடைத்த பேத்திக்கு வீடு தேடுவதாகச் சொன்னார். என் மாடி காலியாக இருக்கிறது, கரண்டு, தண்ணீர் எல்லாம் சேர்த்தி என்று அவசரமாகச் சொன்னேன்.

"சேத்தியெல்லாம் வேணாம் தம்பி. தொட்டி தனியா இருக்கா? மீட்டரு தனியா இருக்கா?"

இரண்டையும் தனியாக வைத்துக் கொடுத்தேன். பேத்தியும் வந்தாள்.

இந்தக் கோடையில் அவள் தொட்டி வற்றியது. என் தொட்டியிலிருந்து நானே ஹோஸை இழுத்துக்கொண்டுபோய் நின்றேன். "இருக்கட்டும் தாத்தா, லாரிக்குச் சொல்லிருக்கேன்" என்றாள். லாரி வர மூன்று மணிநேரம் ஆனது. அதுவரை அவள் காலிக் குடங்களோடு வாசலில் நின்றாள். நான் ஹோஸோடு நின்றேன்.