றாணி அன்ரியின் ‘ஓம்’

லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் காய்கறிக் கடையொன்றில் காசாளராக இருக்கும் கோசலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது. முதியோர் இல்லங்களில் இருக்கும் நம் ஆட்களைப் போய்ப் பார்த்து, ஒரேயொரு பிரெஞ்சுச் சொல்லைக் கற்றுக்கொடுப்பார். சொல் ‘நொன்’. வேண்டாம் என்று அர்த்தம். பாடம் அவ்வளவுதான்.

முன்பு அவர் இவ்வளவு சிக்கனமானவர் அல்ல. இல்லங்களில் நம்மவர்களுக்குச் சோறு கொடுக்க வேண்டும், ரசம் கொடுக்க வேண்டும், தலைக்கு எண்ணெய் வைக்க விட வேண்டும் என்று கல்லாவில் நிற்பவர்களிடமெல்லாம் முழங்குவார். கத்தரிக்காய் நிறுக்கும் நேரத்துக்குள் முடித்தும் விடுவார். அந்தக் கடையில் கத்தரிக்காய் வாங்கியே எனக்கு எல்லாம் மனப்பாடம்.

ஒருநாள் கடைக்குப் புறநகர் ஸ்தேனிலிருந்து சுரேன் வந்தான். அவனுடைய தாய் அற்புதராணி, எங்களுக்கெல்லாம் றாணி அன்ரி, மன்னார்க்காரி, கடைக்குப் பழைய வாடிக்கை. சென் தெனிப் பக்கம் ஓர் இல்லத்தில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

“அம்மா ஆக்களுக்கு அடிக்கிறாவாம், அக்கா. இப்பிடியே போனால் மேல் மாடிக்கு மாத்திப்போடுவினமாம். அங்கை கதவு பூட்டித்தான் இருக்கும்.”

“ஏனெண்டு நீ கேக்கேல்லையோ?”

“கேட்டனான். ஒண்டுமில்லை மோனை எண்டுறா.”

கோசலை தன் லீவு நாளில் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினார். றாணி அன்ரி கட்டிலோரம் செபமாலையோடு இருந்தார். அடிக்கும் ஆள் மாதிரித் தெரியவில்லை. ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்டதும், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

“குளிப்பாட்ட ஒரு பெடியன் வாறான், பிள்ளை. சட்டையைக் கழட்டுறான். நான் என்ன செய்யிறது. மகனுக்கு இதைச் சொல்லேலுமே.”

கோசலைக்குக் கோபம் வந்தது. இதை எழுதும்போது எனக்கும் கோபம் வருகிறது.

அவர் கீழே இறங்கி, இல்லத்தின் பொறுப்பாளர் சுசானிடம் கண்ணியம், கலாசாரம், உரிமை என்று ஒன்றும் விடாமல் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார். சுசான் முழுவதையும் கேட்டுவிட்டு, குளிப்பாட்டும் உதவியாளர் ஜூலியனைக் கூப்பிட்டார். அவனுடைய கழுத்தில் நகக்கீறல் இருந்தது.

“குளிப்பாட்ட ஆண் வரட்டும் என்று அவர்தான் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன்” என்றான்.

பொய் சொல்லாதே என்றார் கோசலை. அவன் வாதாடவில்லை. இருவரையும் மேலே கூட்டிக்கொண்டு போனான். றாணி அன்ரியின் முன்னால் குனிந்து, பெண் வேண்டுமா ஆண் வேண்டுமா என்று பிரெஞ்சில் பணிவாகக் கேட்டான்.

றாணி அன்ரி மரியாதையாகச் சிரித்தார். “ஓம்” என்றார்.

நம் பேச்சில் அது ‘ஆம்’. பிரெஞ்சில் ஆணுக்கு ‘ஓம்’ என்றுதான் சொல்வார்கள்.

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர் கோசலை ஒருவர்தான். அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“அன்ரி, இவன் கேட்டது உங்களுக்கு விளங்கினதோ?”

“இல்லை.”

“பிறகேன் ஓம் எண்டனீங்கள்?”

“மரியாதையாக் கேக்கிறான், பிள்ளை. எப்பிடி மறுக்கிறது. இஞ்சை வந்த நாளிலையிருந்து எல்லாருக்கும் ஓம்தானே சொன்னனான்.”

கோசலை மற்ற இருவருக்கும் விளக்கினார். ஜூலியனின் முகம் செக்கச்செவேலென்று ஆனது. அவன் மன்னிப்புக் கேட்டான். அதற்கும் றாணி அன்ரி ஓம் என்றார்.

அடுத்த முறை குளிப்பாட்ட ஜெனவியேவ் என்ற பெண் வந்தாள். யாருக்கும் அடி விழவில்லை. மேல் மாடிப் பேச்சும் நின்றது. ஆனால் கோசலைக்கு நிம்மதி வரவில்லை. லீவு நாட்களில் போய் ‘நொன்’ சொல்லப் பழக்கினார். மூக்கால் சொல்ல வேண்டும் என்றார்.

“மரியாதையில்லை, பிள்ளை.”

“பின்னாலை நன்றிக்கு ஒரு மெர்சி போடுங்கோ. சரியாப் போகும்.”

இதற்கிடையில் அவர் சமையலறையையும் விடவில்லை. மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, புதன்கிழமைகளில் றாணி அன்ரிக்குச் சோறும் ரசமும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். முதல் புதன் லீவு எடுத்துக்கொண்டு தானே பார்க்கப் போனார். கடையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

தட்டு வந்தது. றாணி அன்ரி சோற்றைப் பார்த்தார், ரசத்தைப் பார்த்தார். பிறகு கோசலையின் முகத்தைப் பார்த்து, மூக்கால், மிகச் சுத்தமாகச் சொன்னார்.

“நொன், மெர்சி.”

பக்கத்து மேசை முதியவர் பெர்னாரின் தட்டில் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட ஒன்று இருந்தது. அதைக் காட்டி, “எனக்கு அது பிடிக்கும், பிள்ளை. இவ்வளவு நாளும் ஆர் கேட்டது” என்றார்.

சோற்றையும் ரசத்தையும் கோசலையே சாப்பிட்டார். உப்புக் காணாதாம். கார் து நோர் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு நாள் கல்லாவில் விலையைத் தவிர வேறொன்றும் பேசவில்லை.

அடுத்த கிழமை இன்னோர் இல்லத்துக்குப் போனார். அங்கேயிருந்த நம் ஆளுக்கு முதலில் அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தார். அது சரியாக வந்த பிறகுதான், சோறு வேண்டுமா என்று கேட்டார்.