எழுத்துகளுக்குக் கீழே ஒரு சாண்

பூட்ஸைப் பார்த்ததுமே அல்பினா காபியை ஊற்றத் தொடங்கிவிடுவாள். டயர்க் கறுப்பு ஒட்டிய மஞ்சள் பூட்ஸ் என்றால் சூயி. பால், சர்க்கரை எல்லாம் வேண்டும். ஒன்றில் கறுப்புக் கயிறும் மற்றதில் பழுப்புக் கயிறுமாக இருந்தால் டெல்பர்ட், வெறும் காபி. முகம் தெரிவதற்குள் கோப்பை மேசைக்குப் போயிருக்கும். அவளுடைய ரொட்டிக்கடைக் கதவின் கண்ணாடியில் அடியில் ஒரு சாண் உயரம்தான் வெளியே தெரிகிறது. மேலே முழுக்க எழுத்து.

கைத்துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்று சொல்கிற எழுத்து. டெக்சஸில் இதைச் சொல்வதற்குச் சட்டமே வாசகம் எழுதி வைத்திருக்கிறது. எழுத்து ஓர் அங்குல உயரம் இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும். சட்டைக்குள் மறைத்து வைத்திருப்பவருக்கு ஒரு பலகை, இடுப்பில் தெரிய வைத்திருப்பவருக்கு இன்னொன்று. ‘தயவுசெய்து’ என்று ஒரு சொல் சேர்க்க முடியுமா என்று அல்பினா கேட்டாள். சேர்த்தால் செல்லுமோ செல்லாதோ என்று அச்சடிப்பவர் தயங்கினார். அவள் அந்தச் சொல்லைத் தன் கையால் தனித் தாளில் எழுதி, கதவுச் சட்டத்துக்கு மேலே ஒட்டினாள். அந்த உயரத்துக்கு யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஊரில் பாதிப்பேர் செக் நாட்டிலிருந்து குடியேறிய குடும்பங்கள். அல்பினா குபேனாவின் கொலாச்சி இல்லாமல் அங்கே கல்யாணமும் இல்லை, கருமாதியும் இல்லை. நடுவில் குழித்து, கசகசாவோ ஆப்ரிகாட் பழக்கூழோ வைத்துச் சுட்ட மெத்தென்ற ரொட்டி. பாட்டியம்மாக்களுக்குரிய நிதானம் அவளிடம் கிடையாது. அறுபத்தெட்டு வயதில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அடுப்புக்கும் கல்லாவுக்கும் ஓடுவாள். மாவிடம் பேசுவாள். “என்ன, இன்னும் தூக்கமா? எழுந்திருடி” என்று தட்டுவாள். தான் சுட்டதில் ஒரு விள்ளல்கூடத் தின்னமாட்டாள். கேட்டால், “மோந்து பாத்தே வயிறு ரொம்பிடுது” என்பாள்.

ஜன்னலோர மேசை நாலு பேருக்கானது. டெல்பர்ட், டயர்க்கடை சூயி, அல்பினா, அவள் தம்பி எர்வின். காலைக் கூட்டம் ஓய்ந்ததும் டாமினோ கட்டைகளைக் கவிழ்த்துக் கலைத்து ‘நாற்பத்திரண்டு’ ஆடுவார்கள். இரண்டிரண்டு பேர் ஒரு கட்சி. அக்காவும் தம்பியும் ஒரு பக்கம். கல்லாவில் மணி அடித்தால் அல்பினா எழுந்துபோய்விட்டு வருவாள். அவள் தொட்ட கட்டையில் மாவு ஒட்டியிருக்கும் என்பதால் அது யார் கையில் இருக்கிறது என்று அடுத்த ஆட்டத்தில் டெல்பர்ட் சொல்லிவிடுவான்.

எர்வின் எல்லாவற்றையும் இடது கையால் செய்வான். பிறவியில் அவன் வலதுகைக்காரன். நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் வைத்திருந்தபோது ஒரு மாலையில் இரண்டு பேர் இரும்புக் கம்பியால் அவன் தலையில் அடித்துவிட்டுப் போனார்கள். விடியும்வரை கல்லாவுக்குப் பின்னால் கிடந்தான். ரொட்டி கொடுக்கப் போன அல்பினாதான் முதலில் பார்த்தாள். உடம்பு தேறியதும் துப்பாக்கி வாங்கினான். அன்றிலிருந்து வலது கைக்கு வேறு வேலை இல்லை. சட்டைக்கு மேலே அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். அவன் கோப்பையை அல்பினா எப்போதும் இடப்பக்கமே வைப்பாள்.

போன வசந்தத்தில் ஒரு நாள், கீழே விழுந்த கட்டையை எடுக்க எர்வின் குனிந்தான். துப்பாக்கி நழுவித் தரையில் விழுந்து, சுழன்றுகொண்டே போய், உயர நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் காலுக்கடியில் நின்றது. வெடிக்கவில்லை.

“அதுக்கும் கொலாச்சி வேணுமாம்” என்றான் டெல்பர்ட். எல்லோரும் சிரித்தார்கள். குழந்தையின் தாய்கூடச் சிரித்துவிட்டாள். அல்பினா தட்டை ஏந்தியபடி நின்றுகொண்டே இருந்தாள்.

மறுநாள் கதவில் துப்பாக்கிப் படம் போட்டு, குறுக்கே சிவப்புக்கோடு அடித்த ஒட்டுத்தாள் இருந்தது. எர்வின் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

“அக்கா, இது செல்லாது. என்கிட்ட லைசென்ஸ் இருக்கு. எனக்குச் சொல்லணும்னா முழு வாசகம் போடணும். படமெல்லாம் போதாது.”

“அப்படியா?”

“ஆமா. ஓர் அங்குல எழுத்து, ரெண்டு பாஷையில. பயிற்சி வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க.”

அவள் நன்றி சொல்லி, கூட ஒரு கொலாச்சி வைத்தாள். அடுத்த வாரம் முழு வாசகம் வந்து கதவை அடைத்துக்கொண்டது.

எர்வின் படியில் நின்று இரண்டு பலகைகளையும் மேலிருந்து கீழ்வரை படித்தான். கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினான்.

“இது எனக்காகத்தானே?”

“எல்லாருக்கும்தான்டா.”

“டெல்பர்ட் வண்டியில வெச்சிட்டு வருவான். சூயிகிட்ட கிடையவே கிடையாது. அப்புறம் யாரு எல்லாரும்? வராதடான்னு வாயால சொல்லியிருக்கலாம். எதுக்கு ரெண்டு பாஷை?”

“செக்குலயும் போட்டிருப்பேன். கதவுல இடமில்ல.”

சூயி உள்ளேயிருந்து சொன்னான்: “ஸ்பானிஷ்ல எவ்வளவு மரியாதையா இருக்கு தெரியுமா, எர்வின்? எங்க வீட்ல ஸ்பானிஷ்தான், ஆனா என்கிட்ட யாரும் இப்படிப் பேசினதே இல்ல.”

எர்வின் சிரிக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

ஆனால் வீட்டுக்கும் போகவில்லை. வண்டியை ஜன்னலை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டெல்பர்ட் ஜன்னலை மேலே தூக்கித் திறந்தான். மேசையை நகர்த்தினார்கள். எர்வினுடைய கட்டைகளை ஜன்னல் விளிம்பில் அவன் பக்கமாக நிறுத்திவைத்தார்கள். அவன் வண்டியில் இருந்தபடியே, “முப்பத்திரண்டு!” என்று ஆட்டத்துக்கு ஏலம் கூவினான். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கோடை முழுக்க ஆட்டம் இப்படித்தான் நடந்தது. அல்பினா ஜன்னல் வழியாகக் காபி கொடுத்தாள். அவன் பிறந்த நாளுக்கு, வண்டி இருக்கைக்கு அடியில் வைத்துப் பூட்டுகிற மாதிரி ஒரு சின்ன இரும்புப் பெட்டி வாங்கித் தந்தாள். எதற்கென்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அடுத்த நாள், “நல்ல பெட்டிக்கா. தூண்டில் முள்ளெல்லாம் போட்டு வெச்சிருக்கேன்” என்றான்.

“போட்டுக்கோ” என்றாள்.

நவம்பரில் ஒரு நாள் கட்டைகளைப் பிரித்துக் கொடுத்தபோது வெயில் அடித்தது. முதல் சுற்று முடிவதற்குள் வடக்கே கருநீலத்தில் ஒரு மேகக் கோடு எழும்பி வந்து ஊரை மூடியது. குளிர்ந்த வடகாற்று ஜன்னல் விளிம்பிலிருந்த கட்டைகளைத் தள்ளிவிட்டது. உள்ளே துணி போர்த்தி வைத்திருந்த மாவு அப்படியே அடங்கிவிட்டது.

“எர்வின், ஜன்னலை மூடணும். மாவு பொங்காது.”

“அப்போ ஆட்டம்?”

“உள்ள வந்து ஆடு.”

“நீ மொதல்ல அந்தப் பலகையை எடு.”

அல்பினா மாவு ஒட்டிய விரல்களால் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

“அந்தப் பங்க்ல கெடந்த உன்னைப் புரட்டிப் பாத்தவ நான். உனக்கு ஏன் அது வேணும்னு என்கிட்ட நீ சொல்ல வேண்டியதில்ல. ஆனா அந்தக் கொழந்தையோட காலையும் நான்தானே பாத்தேன்? எடுக்கமாட்டேன்டா.”

ஜன்னலை இறக்கினாள். வண்டியின் கண்ணாடியும் மேலே ஏறியது. சற்று நேரத்தில் இரண்டிலும் ஆவி படிந்து, ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. டெல்பர்ட் கட்டைகளைக் கலைத்தபடியே இருந்தான். யாரும் எடுக்கவில்லை. அவள் அடுப்பருகே போய் மாவின் மேல் இன்னொரு துணியைப் போர்த்தினாள். தட்டுகளை ஓசைப்படுத்தி அடுக்கினாள்.

அவள் திரும்பியபோது எழுத்துகளுக்குக் கீழே ஒரு ஜோடி பூட்ஸ் நின்றது. இடது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்தவை. நின்றன. திரும்பிப் போய்விட்டன. கண்ணாடியின் அடியில் வெறும் படியும் பறக்கிற சருகும் மட்டும் தெரிந்தன. டெல்பர்ட் வாயைத் திறந்தான். சூயி அவன் முழங்கையை அழுத்தினான்.

பூட்ஸ் மறுபடி வந்தன.

கதவு திறந்து காற்றோடு எர்வின் நுழைந்தான். தலையில் தொப்பி இல்லை. அதைக் கவிழ்த்து இடது கையில் கிண்ணம்போல் ஏந்தியிருந்தான். உள்ளே தூண்டில் முட்களும் ஈயக்குண்டுகளும் சிக்கிக் கிடந்தன.

“இதுக்கு வேற டப்பா ஏதாவது இருந்தா குடுக்கா. பெட்டியில இப்ப இடமில்ல” என்றான்.

“அலமாரியில இருக்கும். உக்காரு.”

தன் நாற்காலியில் உட்கார்ந்தான். சூயி கட்டைகளை அவன் பக்கம் தள்ளினான். எர்வினின் வலது கை சட்டைக்கு மேலே இடுப்புக்குப் போனது. அங்கே எதுவுமில்லை. தொடையில் படுத்தது, மறுபடி எழும்பியது. கதவின் பக்கம் பார்த்தான். அங்கே எழுத்து பின்புறமாகத் தெரிந்தது.

அல்பினா காபி கொண்டுவந்து, வழக்கம்போல் அவனுக்கு இடப்பக்கம் வைத்தாள். கையை எடுக்காமல் ஒரு கணம் நின்றாள். பிறகு கோப்பையைச் சுற்றிக் கொண்டுபோய் வலப்பக்கம் வைத்து, அவனுடைய அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகச் சூட்டின் மேல் மடக்கினாள்.