செக்கிங் மேசை

இருபத்தாறு வயதான ஒருத்தியை "பாப்பா" என்று கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வருமா, வராதா? வரும். ஆனால் வீட்டில், தெருவில், மருந்துக் கடையில், எல்லோருக்கும் அவள் பாப்பாதான். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அம்மாவிடம், "பாப்பாவுக்கு என்னங்க?" என்று கேட்பார்கள். அம்மா வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொள்வாள். "எனக்கு டவுன் சிண்ட்ரோம். உங்களுக்கு என்ன?" கேட்டவர் மருந்துகூட வாங்காமல் நடையைக் கட்டுவார்.

அப்படிப்பட்டவள், மாடியிலிருந்த தையல் கூடத்தில் தன்னைச் சேர்த்துவிடச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றது சம்பளத்துக்காக மட்டும் இல்லை. அந்தக் கூடத்தில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே கிடையாது. எந்த மேசையோ அதுதான் பேர். துணி வெட்டுகிறவர் கட்டிங். இஸ்திரி போடுகிற அக்கா அயர்ன். பட்டன் தைக்கிற இளைஞன் வெறும் பட்டன். விசாரிக்கப் போன அன்றே இதைக் கவனித்துவிட்டாள். தைத்து முடித்த சீருடைச் சட்டைகளைக் கடைசியாகப் பார்த்து அனுப்பும் செக்கிங் மேசை காலியாகக் கிடந்தது. செக்கிங்! கேட்டதுமே அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஒரு மாசம் ட்ரயல்," என்றார் கூடத்தை நடத்தும் மாஸ்டர். "சரியா வந்தா மேசை உனக்கு. அதுவரைக்கும் நீ பாப்பாதான்."

பிசிறு வெட்ட வேண்டும், காலரைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு பட்டனையும் இழுத்துப் பார்க்க வேண்டும். "நல்லா இழுத்துப் பாரு" என்று மாஸ்டர் வாய் தவறிச் சொன்னதுதான் வினை. வேறு யாராவது என்றால் சும்மா தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். இவளா விடுவாள்? பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பட்டன்கள் தெறித்தன. ஒன்று பறந்து போய் அயர்ன் அக்காவின் டீ டம்ளருக்குள் விழுந்தது.

பட்டன் தெறித்த சட்டையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பட்டனின் மேசைக்குப் போவாள். "தச்சியா, இல்ல எச்சில் தொட்டு ஒட்டினியா?"

அவன் ஆள் ஒட்டடைக்குச்சி. பேச்சு குறைவு. தலையைச் சொறிந்துகொண்டு, "மன்னிச்சிடுங்க. இப்பவே தச்சுத் தர்றேன், உட்காருங்க," என்பான். உட்காருங்க! இந்த உலகத்தில் அவளுக்கு 'நீங்க' போட்ட முதல் ஆள் அவன்தான். அவன் தைத்து முடிக்கும்வரை கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊசியை இல்லை.

"அம்மா, நான் பட்டனைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்," என்றாள் ஒருநாள். "ஆனா அவனுக்கு வேலைதான் தெரியல."

சிரிப்பதா அழுவதா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. "முதல்ல உன் ட்ரயல் முடியட்டும்டி," என்றாள்.

முடிந்தது. கடைசி நாள் மாஸ்டர் அம்மாவை வரச்சொன்னார். "பாப்பா தங்கமான பொண்ணும்மா. ஆனா கை முரடு. நல்ல பட்டனையெல்லாம் பிச்சுப் போடுது. தினம் நாப்பது சட்டை திரும்பி வருது. வேற இடம் பாருங்க, மனசுல வச்சுக்காதீங்க."

இதற்கு முன் வேலைக்குப் போன பேக்கரியிலும் இதையேதான் சொன்னார்கள், செடி விற்கும் நர்சரியிலும் இதையேதான் சொன்னார்கள். மனசில் வைத்துக்கொள்ள அம்மாவிடம் இனி இடம் ஏது? மகளின் பையை எடுத்தாள்.

மகள் மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "என் கை சரியாத்தான் இருக்கு. பட்டன்தான் தப்பு. நீங்களே ஒண்ணு தைங்க மாஸ்டர், நான் இழுக்கறேன்." அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. இந்த மேசையும் போய்விட்டால் சாகும்வரை பாப்பாதான்.

மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தைத்தார். அவள் இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மேசை விளிம்பில் ஊன்றி இழுத்தாளே பார்க்கலாம்! டர்ரென்று சட்டை நெஞ்சுவரை கிழிந்தது. கிழிந்த துணியில் பட்டன் அப்படியே குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது.

"பட்டன் பாஸ்," என்றாள் மூச்சு வாங்க. "துணிதான் ஃபெயில்."

"துணியை எதுக்கும்மா இழுக்கிற!" என்று கட்டிங் அலறினார். மாஸ்டர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. திரும்பிப் பட்டனைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான் மாஸ்டர்," என்று எழுந்தான். "ஒரு முடிச்சு கம்மியா போட்டேன். வேணும்னே."

"ஏண்டா?"

"கெட்டியா போட்டா சட்டை திரும்பி வராது மாஸ்டர். சட்டை வரலன்னா... இவங்களும் வரமாட்டாங்க."

அயர்ன் அக்கா வாயைப் பிளந்தபடி நின்றதில் இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே இன்னொரு சட்டை கருகியது.

வெட்கப்படுவாள் என்று எதிர்பார்த்தீர்களா? அவள் முகம் சிவந்தது கோபத்தில். "என் வேலை போக இருந்துச்சு! அம்மா பையைத் தூக்கிட்டாங்க, நீ முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க! என்னைப் பாக்கணும்னா வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"பயமா இருந்துச்சுங்க."

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு!" என்றவள் அழுதே விட்டாள்.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "ஒண்ணு கிழிஞ்சாச்சு, ஒண்ணு கருகியாச்சு. போதும், அவங்கவங்க வேலையைப் பாருங்க. செக்கிங், அந்தக் குவியலை எடும்மா."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பையை அம்மாவிடமிருந்து வாங்கி ஆணியில் மாட்டினாள். பிறகு குவியலை எடுக்கப் போகிற வழியில் பட்டனின் மேசை முன்னால் நின்றாள்.

"உனக்கு ஒரு மாசம் ட்ரயல். ஒரு பட்டன் பிஞ்சாலும் அவ்வளவுதான்."

"அப்போ உங்களை எப்படிங்க பாக்கறது?"

"டீ நேரத்துல என் மேசைக்கு வா. கையில சட்டையெல்லாம் தூக்கிட்டு வராத, சும்மா வா."

சாயங்காலம் படியிறங்கும்போது அம்மா மெல்ல வாயைக் கிண்டினாள். "என்னடி, மாப்பிள்ளை பாஸா?"

"முப்பது நாள் இருக்கும்மா," என்றாள் செக்கிங். "அதுவரைக்கும் அவன் பட்டன்தான்."