முதலில் விசில்

செவ்வாய்க்கிழமை காலை, சாப்பிட உட்கார்ந்த நேரம். தெருமுனையில் ஆட்டோவின் குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது. இட்லியைப் பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது. விசில் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். வரவில்லை. யார், யார் என்று மனம் ஊர் முழுவதும் ஓடியது. பழக்கமில்லாத ஒரு குரல், "மாதா கோயில் தெருவைச் சேர்ந்த சவுண்ட் சர்வீஸ் லூர்துசாமி அவர்கள் இன்று அதிகாலை இறைவனடி சேர்ந்தார்" என்றது. எனக்கு உடனே புரியவில்லை. மன்னார்குடியில் யார் போனாலும் அந்தப் பெயரைச் சொல்கிறவர் அவர். அவர் பெயரையே இன்னொருவர் சொல்வார் என்று நான் யோசித்ததே இல்லை.

இதைப் படிக்கும் நீங்கள் பெரும்பாலும் நம் புதுத்தெரு அணியில் ஆடியவர்கள். இப்போது சிங்கப்பூரிலும் துபாயிலும் திருப்பூரிலுமாகக் கிடக்கிறீர்கள். உங்களுக்கு லூர்து அண்ணனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் மைக் செட் வாடகைக்கு விட்டவர். சாவு விழுந்தால் ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சொன்னவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே மைக்கை மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து நம் அணிக்காகக் கத்தியவர். சாவுக்கும் பந்துக்கும் ஒரே குரல். அந்தக் குரலைக் கேட்டாலே கிழவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள்.

ஆட்டத்தை அறிவிக்கிறவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். நம் ஆள் எதிரணியின் பாதிக்குள் நுழைந்ததுமே 'கோல்' என்று அறிவித்துவிடுவார். எதிரணி கோல் போட்டால் அறிவிப்பே இருக்காது. "ஒலிபெருக்கியில் சிறு தடங்கல், பொறுத்துக்கொள்ளவும்" என்று வரும். ஒருமுறை கீழ்வேளூர் அணி நான்கு கோல் போட்டது. நான்கு முறையும் தடங்கல். அவர்கள் கேப்டன் கோபமாக மேடைக்கே வந்து, "ஏங்க, உங்க செட்டுக்கு நாங்க கோல் போட்டாத்தான் கோளாறு வருமா?" என்று கேட்டார். அண்ணன் அசரவில்லை. "செட்டுக்கும் மனசு இருக்குல்ல தம்பி" என்றார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. அது கொடி பிடிப்பவனின் வயிற்றெரிச்சல் என்பதுதான் அவர் கட்சி.

அவ்வளவு கத்துகிற மனிதர், பெனால்டி என்று வந்துவிட்டால் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆம்ப்ளிஃபையரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். நான் கோல்கீப்பர். உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டு நிற்பேன். ஆட்டம் முடிந்து ஒருநாள், "நான் நிக்கறேன், நீங்க திரும்பிக்கிறீங்களே அண்ணே" என்று குத்திக் காட்டினேன். "பயம்டா தம்பி. பயந்தவன்தான் கத்துவான். தைரியசாலி கம்முனு இருப்பான்" என்றார். அவரை நான் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான். அவரும் என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி.

என் தம்பி செந்தில் உங்களுக்கு நினைவில் இருப்பான். நம் அணியின் முன்வரிசை ஆட்டக்காரன். அண்ணனுக்கு அவன்மீது தனிப் பிரியம். அவன் காலில் பந்து வந்தால் மைக்கில் பேச்சே வராது, மூச்சு மட்டும் கேட்கும். அப்பா போன பிறகு குத்தகை நிலத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பிழைக்க முடியாது என்று அவன் குவைத்துக்குப் போனான். எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. அண்ணன் கடை போன்தான் எங்களுக்கு பி.பி. நம்பர். செந்தில் அங்கே கூப்பிடுவான். அண்ணன் சைக்கிளில் வந்து எங்களை அழைத்துப் போவார். அவன் போன மறு வருஷம் ஆகஸ்டில் குவைத்துக்குள் பட்டாளம் புகுந்தது. போன் நின்றது, கடிதம் நின்றது. ரேடியோச் செய்தி ஒன்றைக்கூட விடாமல் கேட்டோம்.

வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. குறுவை கதிர் வாங்கி நின்றது. அம்மா வயலைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அண்ணன் சைக்கிள் வருகிறதா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் வந்தால் போன் வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் என்ன போன் என்று யாருக்குத் தெரியும்? வரவில்லையே என்றும் பயம், வந்துவிடுமோ என்றும் பயம். அண்ணன் அங்கே போன் பக்கத்திலேயே சாப்பிட்டு, போன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி ரெஜினா அக்கா பிறகு சொன்னார்.

அந்த வாரம் சீர்காழி அணியோடு ஆட்டம். செந்தில் பத்திரமாகத் திரும்பி வர வேண்டிக்கொண்டு அந்த ஆட்டத்தை ஆடுவதாக அண்ணனே ஏற்பாடு செய்தார். அதை ஊருக்குச் சொல்ல ஆட்டோவில் கிளம்பினார். நல்ல மனசுதான், ஆனால் எங்கள் தெருவில் திரும்பியபோது அவர் தன் வழக்கமான ராகத்திலேயே ஆரம்பித்தார். "புதுத்தெருவைச் சேர்ந்த, குவைத்தில் பணிபுரிந்து வந்த, செந்தில்குமார் அவர்கள்..." அதற்கு மேல் சத்தம் வரவில்லை. ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் பேட்டரி வயர் பிடுங்கிக்கொண்டது. இந்தத் தடவை நிஜத் தடங்கல். ஆட்டோ சரியாக எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

அண்ணன் இறங்கி வயரைத் தேடிக்கொண்டிருந்தபோதே உள்ளே அம்மாவின் அலறல் கேட்டிருக்கிறது. எதிர்வீட்டுப் பெண் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள். அடுத்த தெருப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். யாரோ அடுப்பில் இருந்த சோற்றை இறக்கிக் கொல்லையில் கொட்டினார்கள். யாரோ பந்தலுக்குக் கீற்று சொல்லப் போய்விட்டார்கள். வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் தோள் சாய்த்து ஒப்பாரி தொடங்கிவிட்டார்கள். நான் உரக்கடையில் இருந்தேன். ஒருவர் ஓடி வந்து, "உடனே வீட்டுக்குப் போங்க" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது. என் வீட்டு வாசலில் ஆட்டோ, அதன்மேல் குழாய். சைக்கிளை எங்கே போட்டேன் என்று இன்றும் எனக்கு நினைவில்லை. என் தம்பி அந்த நேரத்தில் எனக்குச் செத்துப்போனான்.

கூட்டத்தின் நடுவில் அண்ணன் கையில் வயரோடு நின்றார். அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஊருக்கெல்லாம் கேட்கிற குரல், குழாய் இல்லாமல் ஒரு வீட்டு வாசலில்கூட எடுபடவில்லை. "மேட்ச்சும்மா, மேட்ச்சு... ஞாயித்துக்கெழம மேட்ச்சு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் வரல தம்பி. சத்தியமா ஒண்ணும் வரல. நான் மேட்ச்சத்தான் சொல்ல வந்தேன்."

அழுகை ஒருவழியாக அடங்கியது. வந்தவர்கள், "பொய்ச் சாவு சொன்னா ஆயுசு கெட்டி" என்று சமாதானம் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். அம்மா சமாதானம் ஆகவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைத்துவிட்டோமே என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. அவள் அண்ணனைத் திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "லூர்து, இந்தக் கொழாய்தான் எம்புள்ள போயிட்டான்னு சொல்லிச்சு. இந்தக் கொழாயே அவன் வந்துட்டான்னு சொல்லணும். அதுவரைக்கும் இந்தத் தெருவுல ஒங்கொரல் கேக்கக் கூடாது." அண்ணன் சரியென்று தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மைதானத்துக்கு மைக் இல்லாமல் வந்தார். போனுக்குப் பக்கத்தில் ரெஜினா அக்காவை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். என் கோலுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார். அவர் சத்தம் இல்லாத மைதானம் எனக்கு இழவு வீடு மாதிரி இருந்தது. இரண்டாம் பாதியில் சீர்காழிக்கு ஒரு பெனால்டி. அண்ணன் திரும்பிக்கொள்வார் என்று பார்த்தேன். திரும்பவில்லை. வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணே, திரும்பிக்கலயா?" என்றேன். "இன்னிக்கித் திரும்பிட்டா அவன் வரமாட்டான்னு தோணுது" என்றார். பிறகு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ பந்தப் பாரு" என்றார். நான் வலப்பக்கம் விழுந்தேன். பந்து இடப்பக்கம் வந்து, பின்னால் கிடந்த என் காலில் பட்டு வெளியே போனது. நான் தடுத்தேன் என்று சொன்னால் அது பொய். அண்ணன் கத்தவில்லை. வலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

அதற்கப்புறமும் நாட்கள் போயின. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் போஸ்ட்மேன் பேய், பஸ் ஹாரன் பேய். குறுவை அறுப்பு முடிந்திருந்த ஒரு மத்தியானம், தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. மேலே குழாய். அண்ணன் உள்ளே. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒண்டினாள். அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார், மறுபடி இறக்கினார். முதல் வார்த்தையைச் சொன்னால் இரண்டாவது வார்த்தைக்குள் அம்மா போய்விடுவாள் என்று பயந்தாராம். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு விசிலை எடுத்தார். நடுவரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தது. மைக்கில் வைத்து நீளமாக ஊதினார். சாவு சொல்ல வருகிறவன் எவன் விசில் ஊதுவான்? அம்மா காதிலிருந்து கையை எடுத்தாள்.

"புதுத்தெருவைச் சேர்ந்த செந்தில்குமார் அவர்கள்" என்றார் அண்ணன். "பம்பாய் வந்து சேர்ந்துட்டான். போன்ல பேசிட்டான். ரயிலேறிட்டான்மா."

செந்தில் பாலைவனக் கூடாரங்களில் கிடந்து, கறுத்து இளைத்து, கையில் ஒரே ஒரு பையோடு வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து அது ஊர் வழக்கமாகிவிட்டது. விசில் கேட்டால் பந்து, அல்லது நல்ல சேதி. விசில் இல்லாவிட்டால் இட்லியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

அதற்குப் பிந்தைய வருஷங்களை நீங்களே அறிவீர்கள். பாஸ்போர்ட் எடுக்காத வீடு இல்லை என்றானது. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்தது. அணி ஒவ்வொருவராகக் கழன்றது. அண்ணன் மட்டும் பழைய ஆட்களை விடவில்லை. அணியின் பெயர்களை வாசிக்கும்போது, "இடது புறம் நம்ம சங்கர், இப்போ சிங்கப்பூர்ல இருக்கார், அவருக்குப் பதிலா..." என்று உங்கள் எல்லோரையும் சேர்த்தே வாசிப்பார். கேபிள் டிவியில் வெளிநாட்டு ஆட்டங்கள் வந்தன. இதையெல்லாம் பார்ப்பீர்களா என்று கேட்டேன். "நல்லாத்தான் ஆடறான். ஆனா அவன் தோத்தா எனக்குச் சோறு எறங்குதே தம்பி" என்றார். பாதிப் பேர் விசாவுக்குக் காத்திருக்கும் இன்றைய அணிக்காகவும் போன ஞாயிறு வரை கத்திக்கொண்டுதான் இருந்தார்.

மாதா கோயில் தெரு வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நம் அணியின் மஞ்சள் பனியனைக் கால்மாட்டில் மடித்து வைத்திருந்தார்கள். வாய் மூடியிருந்தது. அந்த வாயை மூடி நான் பார்த்ததில்லை. இனி இந்த ஊரில் எது வந்தாலும் முன்னால் வந்து ஊதிச் சொல்ல ஆள் இல்லை என்று தோன்றியபோது எனக்குத் துக்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. ரெஜினா அக்கா விசிலை என் கையில் வைத்தார். "பொட்டியில வைக்கலாம்னு பார்த்தேன். அங்க எதுக்கு? அங்க எல்லாம் நல்ல சேதிதானே. நீங்க வச்சுக்குங்க" என்றார்.

செந்திலுக்குச் சொல்ல வேண்டும். அவன் மறுபடியும் குவைத்தில்தான் இருக்கிறான். எல்லோரும் போனார்கள், அவனும் போனான். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. யார் யாரைக் கூப்பிட்டாலும் ஹலோவுக்கு முன்னால் வாயாலேயே ஒரு விசில். கேட்கிறவன் மூச்சுவிட்டபிறகு பேச்சு. வாசலுக்கு வந்து செல்போனில் கூப்பிட்டேன். எடுத்தான். நான் விசில் அடிக்கவில்லை. அவனும் ஹலோ சொல்லவில்லை. அந்தப் பக்கம் அவன் காத்திருப்பது கேட்டது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அவன் என்ன நினைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "யாருண்ணே?" என்று மட்டும் கேட்டான். "அம்மா நல்லா இருக்கு. லூர்து அண்ணன்" என்றேன். அவன் குழந்தை மாதிரி அழுதான்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது தைரியம் என்று எழுதினால் அவரே எழுந்து வந்து சிரிப்பார். பயம் எனக்கு இன்னும் போகவில்லை. என் மகனும் வேலைக்காகச் சிங்கப்பூருக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். பயந்திருக்கிறவனுக்கு முதலில் மூச்சைக் கொடு, சேதியை அப்புறம் சொல், அதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அந்த விசிலும் இருக்கிறது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று அதை ஒருமுறை ஊதிப் பார்த்தேன். அவர் அளவுக்கு நீளமாக வரவில்லை. உள்ளே படுத்திருந்த அம்மா தட்டுத்தடுமாறி எழுந்து நிலைப்படிக்கு வந்தாள். என் தலைக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள்.

"யாருடா வந்திருக்கா?" என்றாள்.