கில்பர்ட்டின் காரில் எது ஒரிஜினல்

கில்பர்ட்டுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பாம்பனில், தலைமுறை தலைமுறையாக வலை இழுத்த வீட்டில் பிறந்தவர். ஆனால் படகு கரையை விட்டு விலகியதும் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். ஊர் சிரித்தது. அவருடைய அப்பா சிரிக்கவில்லை; மகனை விசைப்படகு இன்ஜின் பழுது பார்க்கும் கொட்டகையில் கொண்டுபோய் விட்டார். அதன் பிறகு கடலுக்குப் போகாமலே கடலால் பிழைத்தார் கில்பர்ட். அவர் கை வைத்த இன்ஜின் நடுக்கடலில் நின்றதே இல்லை என்று பாம்பனில் சொல்வார்கள். நின்றிருக்கிறது. மகள் பிரெசில்லாவுக்குத் தெரியும். அப்படி நின்ற நாட்களில் அவர் வீட்டில் சாப்பிட மாட்டார்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவர் அப்படியே உட்கார்ந்தார். எழவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம் கீழக்கரையிலிருந்து சஃபீர் கார் பார்க்க வந்தான். துபாயில் பழைய கார்களைச் சீர்செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவன். இப்போது ஊருக்கே திரும்பிவிட்டான். தனக்கென்று ஒரு கார் தேடிக்கொண்டிருந்தான்.

கார், 1952ஆம் வருடத்து எம்.ஜி., இங்கிலாந்தில் செய்தது. நீண்ட மூக்கு, திறந்த கூரை, இரண்டே இருக்கை. வாலிநோக்கம் பக்கம் ஓர் உப்பள முதலாளியின் தண்ணீர் பம்பைச் சரிசெய்யப் போன கில்பர்ட், அங்கே கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த இந்தக் காரைப் பார்த்தார். பழைய இரும்பு விலைக்குப் பேசி, மீன் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எம்.ஜி.தான். அம்மா பக்கத்தில், பிரெசில்லா அம்மா மடியில். வளர்ந்த பிறகு இரண்டு நடையாகப் போனார்கள்.

இப்போது அம்மாவை ஸ்ரீபெரும்புதூருக்கு அழைத்துப் போகிறாள் பிரெசில்லா. அங்கே கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பொறியாளர் அவள். வரும் உருப்படிகளை அளந்து, தேறாததைத் திருப்பி அனுப்புவது வேலை. ஓட்ட ஆளில்லாமல் ஒரு வருடம் நின்றால் உப்புக்காற்று இந்தக் காரைத் தின்றுவிடும். அதனால்தான் விற்பது.

"ஒரிஜினலா இருந்தா எடுத்துக்கிறேன்க்கா" என்று போனிலேயே சொல்லியிருந்தான் சஃபீர்.

துணி சுற்றிய காந்தம், டார்ச், கைக்கண்ணாடி. அவன் கொண்டுவந்தது அவ்வளவுதான். சேஸிஸ் முனையில் பொறித்த எண்ணைத் துடைத்துப் பார்த்தான். ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனது. தகரத்தின் மேல் காந்தத்தை ஓட்டினான். எங்கும் ஒட்டியது, உள்ளே பட்டி பூசி மறைக்கவில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்து முதல் பெயின்ட்டைத் தேடினான்.

"உள்ள கருப்பு. வெளிய பச்சையா இருக்கே?"

"போட்டுக்கு அடிச்சது மிச்சம் இருந்திருக்கும்" என்றாள் பிரெசில்லா.

கதவைத் திறந்து தூணை நகத்தால் சுரண்டினான். இந்தக் காருக்குத் தகரத்துக்குள்ளே மரச்சட்டம்தான் எலும்பு. சீமையில் அதற்கு ஆஷ் என்று ஒரு மரம் போடுவார்கள்.

"இது ஆஷ் இல்லையே."

"வேம்பு. ஓடாவி சகாயம் மாமா போட்டது. வள்ளம் கட்டுறவரு."

"அதான் இடுக்குல பஞ்சு வச்சு அடைச்சிருக்கா?" சஃபீர் குனிந்து பார்த்தான். "தண்ணில விட்டா மெதக்கும் போல."

பிரெசில்லாவுக்குச் சிரிப்பு வந்தது. பல நாளாக வராதது.

அவன் காருக்கு அடியில் போனான். பிறகு, "அக்கா, என்ன நாத்தம் இது?"

"மீன் எண்ணெய். துருப் பிடிக்காம இருக்க. வருசா வருசம் பூசுவார். தெருப் பூனை பூரா இதுக்கு அடியிலதான் படுக்கும்."

"சேஸிஸ்ல என்னமோ கட்டி கட்டியா போல்ட் போட்டு வச்சிருக்காரே."

"ஜிங்க்."

படகின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவார்கள். உப்புத் தண்ணீர் இரும்பை விட்டுவிட்டுத் துத்தநாகத்தை அரிக்கும். ஆனால் அது தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான். காற்றில் ஓடும் காருக்கு எந்தப் பயனும் இல்லை. கல்லூரியில் படிக்கும்போது இதை அவள் அப்பாவிடம் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "கார் கடலுக்குள்ள எறங்காதுப்பா" என்று முடித்தாள். "நம்மூர்ல மழை பேஞ்சா எறங்கும் தாயி" என்றார். கட்டிகள் அப்படியே இருந்தன. புத்தம் புதிதாக, கொஞ்சமும் அரிக்கப்படாமல்.

கடைசியாக பானெட்டைத் திறந்தான் சஃபீர். இன்ஜினின் இடப்பக்கம் எண் பொறித்த எட்டு மூலைப் பித்தளைத் தகடு. படித்தான், எண் சரி. ஆனால் விரலால் தடவினான். கைக்கண்ணாடியை வைத்துப் பக்கவாட்டில் பார்த்தான். அவன் முகம் மாறியதை பிரெசில்லா கவனித்தாள்.

"ரிவெட் செம்புல இருக்கு. கம்பெனில செம்பு போடமாட்டான். தகடும் நடுவுல புடைச்சு நிக்குது."

"அதனால?"

"இன்ஜினை மாத்திட்டு, பழைய தகட்டை எடுத்து இதுல அடிச்சா இப்படித்தான் இருக்கும்க்கா. மரம், பெயின்ட் எல்லாம் பரவால்ல. அதை மறைக்கல யாரும். இது வேற. யாரோ நம்பரைப் பொய்யா..." நிறுத்திக்கொண்டான்.

யாரோ என்று அவன் சொன்னது மரியாதைக்கு. இந்த வீட்டுக்கு வந்த பிறகு இந்த இன்ஜினை ஒரே ஓர் ஆள்தான் தொட்டிருக்கிறார்.

தேத்தண்ணியோடு வந்த அம்மா வாசற்படியில் நின்றுவிட்டாள். "தம்பி என்ன சொல்லுது?"

"ஒண்ணுமில்லம்மா."

"காதுல விழுந்துச்சு. அவுக பொய் நம்பர் அடிக்கிற ஆளா?"

அம்மா தேத்தண்ணியைத் திருப்பி உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

பிரெசில்லா தகட்டைப் பார்த்தாள். ரிவெட் தவறு. புடைப்பு தவறு. தொழிற்சாலையில் இப்படி ஓர் உருப்படி வந்தால் அவளே சிவப்பு வில்லை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். அப்பாவின் வேலை என்பதால் கண் வேறு மாதிரிப் பார்க்க முடியாது. அப்பாவிடம் இனிக் கேட்கவும் முடியாது.

"கழட்டிப் பாத்துருவோம்" என்றாள்.

"கழட்டினா மறுபடி அந்த மாதிரி வராதுக்கா."

"இப்பவே சரியில்லன்னுதானே சொல்றீங்க. இன்ஜினுக்கு எத்தன தடவ பெயின்ட் அடிச்சிருக்காங்க பாருங்க, மேல மேல. தகடு பின்னால வந்ததுன்னா அடியிலயும் அத்தன அடுக்கு இருக்கும். மொதல்ல இருந்தே இங்கதான் இருக்குன்னா இருக்காது."

சஃபீர் யோசித்துத் தலையசைத்தான்.

அப்பாவின் கை டிரில்லை எடுத்தாள். ரிவெட்டின் தலையை மட்டும் துளைத்தாள். ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. உளி நுனியால் தகட்டை நெம்பினாள். அடியில் பல அடுக்கு இருந்தால் பிறகு அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

தகடு வந்தது. கூடவே ஏதோ ஒன்று கீழே விழுந்து, காருக்கு அடியில் உருண்டது. சஃபீர் எடுத்தான். நசுங்கிய அலுமினிய மெடல். குழந்தையைக் கையில் ஏந்திய அந்தோணியார், மீனவர்கள் வேண்டிக்கொள்ளும் புனிதர்.

தகடு இருந்த இடத்தில் எட்டு மூலை வடிவம் தெளிவாகத் தெரிந்தது. அதற்குள் ஒரே ஒரு பூச்சு, வெளிறிய சிவப்பு. அதன் ஓரத்தில்தான் மற்ற அடுக்குகள் எல்லாம் வந்து நின்றிருந்தன. துளைகளைச் சுற்றிப் பழைய எஃகு ரிவெட்டின் துரு வளையம் இருந்தது.

சஃபீர் டார்ச்சைக் கிட்டே பிடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "அதே இன்ஜின்தான்" என்றான். "மன்னிச்சுக்கங்க அக்கா."

"உங்க எடத்துல நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

அம்மாவைக் கூப்பிட்டு மெடலைக் காட்டினாள். அம்மா அதை முந்தானையில் துடைத்தாள்.

"கார்லயும் வச்சாகளா" என்றாள். "போட் இன்ஜின் அவுத்து மாட்டினா, நம்பர் தகட்டுக்குப் பின்னால ஒரு மெடல் வைப்பாக. எல்லாத்துலயும். உனக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட சொன்னதில்ல."

"நீ படம் போட்டு வெளக்குவேன்னு பயந்திருப்பாக." அம்மாவின் உதடு கோணியது, அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது. "போட்டோட தானும் கடலுக்குப் போக முடியலன்னு அவுகளுக்கு ஒரு இது. அதான் தனக்குப் பதிலா அந்தோணியாரை அனுப்புறது."

காரை எடுத்துக்கொள்வதாக சஃபீர் சொன்னான். ஜிங்க் கட்டிகளைக் கழற்றிவிடுவானாம். தாராளமாகக் கழற்றலாம் என்றாள். வேம்பை என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றான். அது அவளுக்குப் பிடித்தது. காப்பாற்ற முடியாத வாக்குறுதி எதையும் அவன் கொடுக்கவில்லை.

தகட்டைத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. அப்பாவின் பெட்டியில் எஃகு ரிவெட்டும் இருந்தது, செம்பும் இருந்தது. அவள் செம்பை எடுத்தாள். அம்மாவிடம் கை நீட்டினாள். அம்மா மெடலைக் கொடுத்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்றான் சஃபீர். "பெரியவர் வச்சது, இருக்கட்டும். ஆனா நாளைக்கு எங்கிட்ட வாங்க வர்றவன் இதே மாதிரி சந்தேகப்படுவானே."

பிரெசில்லா மெடலைச் சிவப்புப் பூச்சின் நடுவில் வைத்து, மேலே தகட்டை அழுத்திப் பிடித்தாள்.

"கழட்டிப் பாக்கட்டும்" என்றாள். "அந்தச் சுத்தியலை எடுங்க."