வெற்றிலைத் தட்டில் வைத்த மைக்

அக்கா கல்யாண கேசட்டில் அம்மா பேசுகிறாள். வாய் அசைகிறது, கை ஆடுகிறது. அப்பாவிடம் என்னவோ சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகுகிறாள். ஆனால் கேட்பது சினிமாப் பாட்டு. எல்லாக் கல்யாண வீடியோவும் அப்படித்தான். இருந்த சத்தத்தை அழித்துவிட்டுப் பாட்டைப் போட்டுக் கொடுப்பார்கள். வீடியோ கடையில் வயர் பிடிக்கிற வேலை எனக்கு. ஆறாவதோடு படிப்பை விட்டவன். அந்தப் பாட்டையும் "இதப் போடுங்கண்ணே" என்று கடைக்கார அண்ணனிடம் கெஞ்சிப் போட வைத்தது நான்தான்.

அடுத்த வருசம் மஞ்சள் காமாலையில் அம்மா போய்விட்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவள் குரல் எங்கேயும் இல்லை.

கேசட் போடுகிற டெக்கை வாடகைக்கு எடுத்து வந்து அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டுவோம். என்ன சொன்னாள் என்று வீட்டில் ஒரே சண்டை.

"எம் பொண்ண நல்லாப் பாத்துக்கிருவாகளான்னு கேக்குது" என்பாள் அக்கா.

"மாப்ள முழிக்கிற முழியப் பாருங்கன்னு சொல்லுது" என்பேன் நான்.

"போடா, எடுபட்ட பயலே!"

அப்பா மட்டும், "எனக்கு ஞாபகம் இல்லத்தா" என்று எழுந்து வெளியே போய்விடுவார்.

அக்காவுக்கு வளைகாப்பு வந்தது. கீழக்குயில்குடியில், புகுந்த வீட்டில். இந்தத் தடவை யார் பேசினாலும் அந்தக் குரல் அப்படியே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"அண்ணே, பாட்டு வேணாம். பேசுறது பேசுற மாதிரியே வேணும்."

"கேமராலயே மைக் இருக்குல்லடா."

"அதுல எம்புட்டுக் கேக்குது? காத்து இரையிறதும் நீங்க மூச்சு விடுறதுந்தான் கேக்குது."

அண்ணன் சிரித்துவிட்டார். "ஜூம் பண்ணா மூஞ்சிதான்டா கிட்ட வரும், சத்தம் வராது. சத்தம் வேணும்னா மைக்கு வாய்கிட்டப் போகணும்."

அது போதும் எனக்கு. பசுமலையில் மைக் செட் வைத்திருக்கும் சிநேகிதனிடம் நீள வயர் மைக் ஒன்றை வாங்கி, கேமராவுக்குச் சேருகிற பின்னை மாட்டினேன். "தண்ணி பட்டுச்சு, ஒன்னையக் கொன்றுவேன் மாப்ள" என்றுதான் கொடுத்தான்.

விசேச வீட்டுக்குள் நுழைந்தால் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் அலறுகிறது. மச்சானிடம் ஓடினேன்.

"ஒரு அரமணி நேரம் நிறுத்துங்க மச்சான்."

"பாட்டு இல்லாட்டி விசேச வீடுன்னு ஊருக்கு எப்படிறா தெரியும்?"

"அக்கா சொல்லுச்சு மச்சான்" என்றேன். உடனே நிறுத்திவிட்டார்.

அடுத்த தொல்லை, மைக்கைப் பார்த்ததும் யாருக்கும் பேச்சு வரவில்லை. தெருவையே வாயால் வளைக்கிற எங்கள் அத்தை தலையைக் கோதிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "அனைவருக்கும் வணக்கம்" என்றது. தலையில் அடித்துக்கொண்டு, அக்கா நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிலைத் தட்டில் மைக்கை ஒளித்து வைத்தேன். தட்டில் கை பட்டால் தவில் மாதிரி இடித்தது. அதனால் அடியில் துண்டை நாலாய் மடித்துப் போட்டேன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிற்கும்போது குலவை போட்டார்கள் பாருங்கள், காது போய்விட்டது. அதோடு, பெரிய சத்தம் வந்தால் மெஷின் தானாகவே பயந்துபோய் அடுத்த பேச்சையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது.

"அத்தே, கொலவைய வாசல்ல நின்னு போடுங்க."

"ஏன்டா, புள்ளையும் வாசல்லயா பொறக்கப் போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நன்றாகவே பதிந்தது.

வளையல் போட்டு முடிந்து எல்லோரும் பந்திக்குப் போனார்கள். அண்ணனும் கேமராவை ஸ்டாண்டில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். அக்கா மட்டும் நாற்காலியில் புளியோதரைத் தட்டோடு இருந்தாள். அப்பா கையில் நாலு அப்பளத்தோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பட்டனை அமுக்கினேன். கேமராவில் தெரிந்தது அவர் முதுகு மட்டும்தான். ஹெட்போனில் அப்பளம் நொறுங்குவது கேட்டது. அப்புறம் அப்பா சிரிப்பது.

"ஏம்ப்பா சிரிக்கிறீங்க?"

"ஒன் கல்யாணத்துல ஒங்காத்தா என்ன சொன்னான்னு கேட்டீகள்ல?"

"ஞாபகம் இல்லன்னீங்க!"

"நீங்க என்னென்னமோ பெருசா நெனச்சுக்கிட்டு இருந்தீக. அதக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்." அப்பா குரலை மெலிதாக்கி, அம்மா மாதிரியே வெடுக்கென்று சொன்னார்: "'இங்க நின்னு வேடிக்க பாக்காமப் போங்க! ரெண்டாம் பந்திக்கு அப்பளம் இல்ல. சம்பந்தி வீட்டுல காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாக!' அம்புட்டுத்தான்த்தா."

அக்கா சிரித்த சிரிப்பில் கை வளையல் எல்லாம் குலுங்கியது.

"போனீங்களா?"

"போகாம? சைக்கிள எடுத்துக்கிட்டு சமயநல்லூர்ல கட கடையா ஏறி எறங்கி வாங்கிட்டு வாரேன், பந்தியே முடிஞ்சிருச்சு. அதுக்கும் திட்டுனா."

நான் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணும் மூக்கும் ஒழுகின. துடைக்கத் துண்டைத் தேடினால் அது மைக்குக்கு அடியில் இருந்தது.

கடையில் ஓட்டிப் பார்த்தபோது அண்ணன், "வெறும் முதுகுதான்டா தெரியுது. இந்த எடத்துல மட்டும் ஒரு பாட்டப் போட்டுறவா?" என்றார். நான் ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். கடைசி வரை கேட்டார். எடுத்து வைத்திருந்த பாட்டு கேசட்டைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டார்.

வீட்டில் டெக்கில் போட்டோம். அப்பா தன் குரலைத் தானே கேட்டார். ரீவைண்ட் பண்ணச் சொல்லி இன்னொரு தடவையும் கேட்டார்.

"நான் சொன்னது சரியில்லடா" என்றார். "அவ இதவிடச் சத்தமாச் சொன்னா. இன்னொருக்க எடு."