பிரித்துக் கட்டிய ஊர்ப்பெட்டி

பெட்டி ஒட்டும் டேப்பைச் சர்ரென்று இழுக்கும் சத்தம் எங்கே கேட்டாலும், சோப்பும் முகப்பவுடரும் தலைவலித் தைலமும் ஒன்றாகக் கலந்த ஒரு வாசனை என் மூக்கில் ஏறிவிடும். தேக்காவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில் என் அத்தா வைத்திருந்த கடையின் வாசனை அது. போன வாரம் எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளரைப் புரிந்துகொள்வது எப்படி என்று நாள் முழுக்க ஒரு பயிற்சி நடத்தி, ஆளுக்கொரு கட்டு வண்ணத்தாளைக் கொடுத்துச் சுவரில் ஒட்டச் சொன்னபோது, பக்கத்து அறையில் யாரோ பார்சல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அத்தா கடையில் விற்ற சாமானைவிட அவர் கட்டிக்கொடுத்த பெட்டிகள்தான் அதிகம். கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் வேலை செய்தவர்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லீவில் ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகும் அட்டைப்பெட்டிக்கு "ஊர்ப்பெட்டி" என்று பெயர். சாமானை எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும் சரி, எங்கள் கடைக்குக் கொண்டுவந்தால் அத்தா சும்மாவே கட்டிக்கொடுப்பார். விமான நிலையத்தில் எடை கூடிப்போய், வரிசையில் நிற்கும் அத்தனை பேர் முன்னாலும் பெட்டியைப் பிரித்து, எதை விட்டுவிட்டுப் போவது என்று முழிப்பதைவிடப் பெரிய அவமானம் அந்த மனிதர்களுக்கு வேறு கிடையாது. "எங்க கடைப் பெட்டியச் சாங்கி ஏர்போர்ட்டுல பிரிச்சதா சரித்திரமே இல்ல" என்பது அத்தாவின் பெருமை. பிஸ்கட்டில் சோப்பு வாசம் ஏறிவிடும் என்று இரண்டையும் எதிரெதிர் மூலையில் வைத்து, நடுவில் துணியை அடைத்து, தைலப் பாட்டில்களைப் போர்வைக்குள் சுருட்டி, "ராஃபியா" கயிற்றால் நாலு பக்கமும் இறுக்கினால் பெட்டியில் ஒரு விரல் நுழைய இடம் இருக்காது. "சாமானப் பாத்தாலே ஆளச் சொல்லிடுவேன்" என்றும் சொல்லிக்கொள்வார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நானும் அதை நம்பினேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். டிசம்பர் விடுமுறை என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேரர் பார்க்கிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து அத்தாவோடு நடந்தே கடைக்குப் போய்விடுவேன். அப்படி ஒரு காலையில், மார்சிலிங்கில் தங்கிக் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த முத்தையா என்பவர், இரண்டு கையிலும் இரண்டு பெரிய பைகளோடு வந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக ஊருக்குப் போகிறார். அன்றைக்கே விமானம். மேனேஜரிடம் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, கூட இருந்தவர்களிடமும் சொல்லிக்கொண்டு நாலு மணிக்கு வருவதாகவும், கட்டி மட்டும் வைத்தால் போதும் என்றும் அத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பைக்குள் மொத்தம் இருபத்தாறு பொட்டலங்கள். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, அதற்கடியில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகி வைத்திருந்தார். தொங்குதராசில் மாட்டிப் பார்த்தால், விமானத்தில் விடுகிற இருபது கிலோவுக்கு மேல் போயிற்று. காகிதமே இரண்டு கிலோ வரும்போலிருக்கிறதே என்று அத்தா சலித்துக்கொண்டார். ஒரு பொட்டலத்தை அவிழ்த்தால் சோப்பும் பிஸ்கட்டும் ஒன்றாகக் கிடந்தன. அத்தாவுக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்லி என்னிடம் தள்ளினார்.

நான் மகிழ்ச்சியாகப் பிரித்தேன். அந்த ரப்பர் பேண்டுகள்தான் காரணம். எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகள் நாங்கள் ரப்பர் பேண்டுகளைக் கோத்து நீளக் கயிறாக்கி, "ஜீரோ பாயிண்ட்" என்று தாண்டிக் குதித்து விளையாடுவோம். ஒரே நாளில் இத்தனை ரப்பர் பேண்ட் கிடைத்ததே என்று ஒவ்வொன்றாக உருவி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். காகிதத்தையும் சீட்டையும் சேர்த்துக் கசக்கிப் பின்சந்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். சோப்பெல்லாம் ஒரு பக்கம், பவுடரெல்லாம் ஒரு பக்கம் என்று நான் அடுக்கிய அழகைப் பார்த்து அத்தா என் தலையைத் தடவிக்கொடுத்தார். எடை இருபது கிலோவுக்கு ஒரு கோடு குறைவாக நின்றது.

நாலு மணிக்கு வந்த முத்தையா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொட்டலமெல்லாம் இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் எப்படி அடங்கின என்று கேட்டார். அத்தா பெருமையாக விளக்க ஆரம்பித்தார். பாதியிலேயே முத்தையாவின் முகம் மாறிவிட்டது.

"பாய், சீட்டெல்லாம் எங்க?"

"என்ன சீட்டு தம்பி?"

"யாருக்கு எதுன்னு பேர் எழுதி வச்சிருந்தேனே பாய். மூணு வருஷமா ஒவ்வொண்ணா வாங்கி வாங்கி எழுதினது."

அவர் அப்படியே கடை வாசலை ஒட்டிய "அஞ்சடி" நடைபாதையில், போகிற வருகிற கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்தார். அவசரமாகப் பின்சந்துக்கு ஓடினேன். குப்பையை மதியமே அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது அவர் ஒரே மாதிரி இரண்டு போர்வைகளை மடியில் வைத்துக்கொண்டு, எது அத்தைக்கு, எது தங்கையின் மாமியாருக்கு என்று தெரியாமல் விரலால் தடவிக்கொண்டிருந்தார். தங்கைக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லையாம். அந்த வீட்டில் ஒரு ஆளுக்கு விட்டுப்போனாலும் பேச்சு வாங்கப்போவது அவள்தான் என்று சொன்னார். பன்னிரண்டு பதின்மூன்று பேர் வரை நினைவுபடுத்திப் பிரித்து வைத்தார், பிறகு குழம்பிப்போய் எல்லாவற்றையும் மறுபடி கலைத்தார். எனக்கு அழுகை வந்தது. அத்தாவோ எடை சரியாக இருப்பதையும், பிஸ்கட்டில் வாசம் ஏறாது என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, ஒரு பெரிய பிஸ்கட் டின்னை எடுத்து, சும்மா வச்சுக்குங்க தம்பி என்று நீட்டினார்.

"வீட்டுல எல்லாரும் சுத்தி நிப்பாங்க பாய்," என்றார் முத்தையா, டின்னை வாங்காமல். "பேரச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுக்கணும். இப்பத் தொறந்தா கடை விரிச்ச மாதிரில்ல இருக்கும்."

அத்தாவுக்கு அது கடைசிவரை புரியவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. இரண்டு வருடம் கழித்து, எதிர்வரிசைக் கடையில் முத்தையா பெட்டி கட்டிக்கொள்வதை நாங்கள் இருவரும் பார்த்தோம். அந்தக் கடைக்காரருக்குக் கயிறே போடத் தெரியாது. பெட்டி ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. "இந்தத் தம்பிக்கு நாம என்ன குறை வச்சோம்?" என்று அத்தா அன்றைக்குக் கேட்டார், கடையை மூடிய வருடமும் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். சொல்லியிருக்கலாம். அவர் உழைத்த உழைப்பு பொய்யில்லை, ஒரு காசு வாங்காமல் செய்ததும் பொய்யில்லை, அதை வைத்துக்கொண்டு அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டேன்.

இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். ஊர்ப்பெட்டியும் போய்விட்டது. சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறார்கள், சோப்பும் பவுடரும் ஊரிலேயே எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன. நான் கிளமெண்டி பக்கம், வீட்டுக்குச் சாமான் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். அன்றைய பயிற்சியில் எங்கள் வாடிக்கையாளர்களைப் பால் வாங்குகிறவர்கள், அரிசி வாங்குகிறவர்கள், நாப்கின் வாங்குகிறவர்கள் என்று சுவரில் பிரித்து ஒட்டியதைப் பார்த்ததும் பொறுக்க முடியாமல் முத்தையா கதையைச் சொல்லிவிட்டேன். எல்லோரும் ரசித்தார்கள். "சூப்பர் ஸ்டோரி லா, ஸ்லைட்ல போட்டுடலாம்" என்று என் மேலாளர் அதையும் ஒரு மஞ்சள் தாளில் எழுதி ஒட்டிவிட்டார். முத்தையா ஊருக்குப் போய் என்ன செய்தார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.

அவர்களிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அன்றைக்கு அஞ்சடியில், சாமானையெல்லாம் இரண்டாம் முறை கலைத்தபிறகு, முத்தையா அத்தாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீதானே பிரிச்ச? ஒரு பேராவது ஞாபகம் இருக்கா?"

தமிழ் வாசிப்பில் அந்த வருடம் வகுப்பில் நான்தான் முதல். இருபத்தாறு சீட்டும் என் கை வழியாகத்தான் போயிருந்தன. அதில் ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை.